வில்லுப்பாட்டு வில்லு கொழும்பில எங்க எடுக்கலாம்? அடுத்த சனிக்கு முன்னம் வேணும்

கடைசிவாங்கு | வியாழன், இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். முதல்தரம் இங்க எழுதுறன், பிழை இருந்தால் குறை நினைக்காதேங்கோ.

நான் கொழும்பில ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில தரம் 12, கலைப்பிரிவு. தமிழ்மொழித் தினப் போட்டியில எங்கட வில்லுப்பாட்டுக் குழு கல்வி வலயத்தில முதலாமிடம் வந்திட்டுது. அடுத்த சனி மாகாணப் போட்டி. சந்தோசமான விசயம்தான், ஆனா எங்களிட்ட வில்லு இல்லை.

வில்லு இல்லாமல் வலயத்தில எப்பிடிப் பாடினனீங்கள் எண்டு கேப்பீங்கள். சொல்லுறன்.

எங்களுக்கெண்டு ஒரு வில்லு இருந்தது. மேடைக்குப் பின்னால இருக்கிற களஞ்சிய அறையில, ஒளிவிழாவுக்குச் செய்த மாட்டுத்தொழுவத்துக்கும் கட்டை உடைஞ்ச ஆர்மோனியத்துக்கும் நடுவில கிடந்தது. இந்த வருசம் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு பச்சை இல்லக்காரர் வாசல் வளைவு கட்ட மரம் தேடினவை. வளைஞ்ச மரம் ஒண்டு செய்தபடி கிடக்கேக்க விடுவினமே? கிறேப் பேப்பர் சுத்தி, ரெஜிபோமில வெட்டின எழுத்து ஒட்டி, மைதானத்தில நட்டாச்சு. பின்னேரம் அஞ்சலோட்டத்துக்கு முன்னம் பிடிச்ச மழை அடுத்த நாளும் விடேல்லை. அதை ஒருத்தரும் கழட்டவும் இல்லை. பிறகு போய்ப் பாத்தா பச்சைச் சாயம் ஊறி, நீளத்துக்குப் பிளந்துபோய்க் கிடக்கு. இல்ல அலங்காரத்தில பச்சைக்கு மூண்டாமிடம். மொத்தமே நாலு இல்லம்தான். (நானும் பச்சை. அந்த வளைவில பேப்பர் ஒட்டினதில நானும் ஒராள். இதை எங்கட ரீச்சருக்கு இன்னும் சொல்லேல்லை.)

வலயப் போட்டி வரேக்க ரீச்சர் தனக்குத் தெரிஞ்ச வேற பள்ளிக்கூடத்து ரீச்சரிட்ட வில்லைக் கடன் கேட்டா. கொட்டாஞ்சேனைப் பக்கம். அவையும் அதே போட்டிக்குத்தான் வருகினம், எண்டாலும் ஓம் எண்டிட்டினம். புதனும் வியாழனும் எங்களுக்கு, மற்ற நாள் அவைக்கு. போட்டி அண்டைக்கு அவைதான் முதல். பாடி முடிச்சு, வில்லை அப்பிடியே மேடையில விட்டிட்டு இறங்கிச்சினம். வில்லுக் கயிறில தட்டுற வீசுகோல் வைச்சிருந்த தங்கச்சி தாவணித் தலைப்பால வேர்வையைத் துடைச்சிட்டு என்ர கையில தந்து, "அக்கா, வலப்பக்கத்து மூண்டாவது மணி சிலநேரம் அடிக்காது, அந்த இடத்தில கொஞ்சம் கூடத் தட்டுங்கோ" எண்டு சொன்னா. நான் கூடத் தட்டினன். அந்த மணி வடிவா அடிச்சுது.

நாங்கள் முதலாமிடம். அவை ரெண்டாமிடம். முதலாமிடம் மட்டும்தான் மாகாணத்துக்குப் போகும். முடிவு வாசிக்கேக்க நான் அந்தப் பிள்ளை இருந்த பக்கம் பாக்கவே இல்லை.

செவ்வாய்க்கிழமை வில்லைக் கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்தம், நானும் குடம் அடிக்கிற பிள்ளையும். ஏழடி வில்லு. 155 பஸ்ஸில பின்கதவால ஏத்தி, மேல்கம்பியோட சேத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டம். மணி வேற, ஒவ்வொரு பிரேக்குக்கும் கோயில் வாகனம் மாதிரிச் சத்தம். கொண்டக்டர் சிங்களத்தில "மொகத நங்கி மே?" (என்ன தங்கச்சி இது?) எண்டு கேட்டார். "துன்னக்" (ஒரு வில்லு) எண்டன். "ராவணாட்டத?" (ராவணனுக்கோ?) எண்டார். பின்சீற்று முழுக்கச் சிரிப்பு. அங்க போனா வாசலில காவல்கார ஐயா மட்டும் நிண்டார். அவரிட்டக் குடுத்திட்டு ஓடி வந்திட்டம். உண்மையைச் சொன்னா, ஒருத்தரும் நிக்கேல்லை எண்டு எனக்குப் பெரிய நிம்மதி.

இப்ப மாகாணத்துக்குத் திரும்பவும் அவையிட்டக் கேக்க முகமில்லை. ஆறு பேருமாச் சேத்த காசு 4,800 ரூபாய் இருக்கு. வில்லு விக்கிற கடை ஏதாவது தெரியுமோ? அப்பா பிவிசி குழாயில செய்து தாறன் எண்டுறார், அது சரிவருமோ? எங்கட குடமும் இப்ப ஒரு மாதிரி "டொக்" எண்டுது. குடத்துக்கும் ஒரு வழி சொல்லுங்கோ.

---

ஜன்னல்சீட்டு | வியாழன், இரவு 10.15

தங்கச்சி, பச்சை இல்லத்தை நினைச்சுச் சிரிச்சதில தேத்தண்ணி மூக்கால வந்திட்டுது.

கடை தேடாதேங்கோ. சலங்கை, சுருதிப்பெட்டி, பரதநாட்டிய உடுப்பு எல்லாம் கொழும்பில எடுக்கலாம். வில்லைத் தொங்கவிட்டு விக்கிற கடை நான் காணேல்லை. செய்யிறதுதான்.

நாங்கள் வில்லு செய்தது 1996இல, இலங்கை கிரிக்கெட்டில உலகக் கிண்ணம் வெண்ட வருசம். எங்கட சேர் சொல்லித் தந்த வழி இதுதான்: பௌத்தரின்ர வெசாக் பண்டிகை முடிஞ்சவுடன தோரணம் கட்டினவையிட்டப் போ. அந்தப் பெரிய தோரணம் எல்லாம் நிக்கிறது கமுகு மரத்தில. லைற்றையும் படத்தையும் கழட்டினாப் பிறகு மரத்தைக் கேட்டா தருவினம், சில இடத்தில தேத்தண்ணிக் காசு குடுக்க வேணும். நாங்கள் தொட்டலங்கப் பக்கம் போய் ஒரு துண்டு கேட்டனாங்கள். மூண்டு துண்டு தந்து, சோடாவும் வாங்கித் தந்து அனுப்பினவை. வெசாக் முடிஞ்சு ரெண்டு கிழமை ஆகுது, இப்ப போனா இன்னும் கிடைக்கும்.

கமுகில வைரம் வெளிப்பக்கம்தான், உள்ளுக்கு மெத்தெண்ட சோத்தி. மரத்தை நீளத்துக்குப் பிளந்து, சோத்தியைச் செதுக்கி எறிஞ்சிட்டு, வெளிப்பட்டையை மட்டும் சலாகையா எடுக்கவேணும். ரெண்டு விரல் அகலம் காணும். நடுவில தடிப்பா விட்டு, ரெண்டு நுனியையும் மெல்லிசாக்குங்கோ. ஒரேயடியா வளைச்சா உங்கட பழைய வில்லு மாதிரித்தான் போகும். முதல்நாள் கொஞ்சம் இழுத்துக் கட்டி விடுங்கோ, அடுத்த நாள் இன்னும் ஒரு சாண், அதுக்கடுத்த நாள் இன்னும் கொஞ்சம். நாலஞ்சு நாள் எடுக்கும். நாளைக்கே மரத்தை எடுத்தா உங்களுக்கு நேரம் மட்டுமட்டாக் காணும்.

பிற்குறிப்பு: அந்த வருசம் நாங்கள் வலயத்தோட வீட்ட வந்திட்டம். கதை அரிச்சந்திரன். சுடலையில சந்திரமதி அழுற இடம். கதைக்கு இடையில ஆமாப் போடுற எங்கட ஆள், ஏன் எண்டு இண்டைக்கும் தெரியாது, "அழாதேங்கோ அம்மா, அரவிந்த 107 நொட் அவுட்" எண்டிட்டான். சபை எழும்பி நிண்டு கைதட்டிச்சுது. நடுவர் மூண்டு பேரும் பேனையைக் கீழ வைச்சிட்டினம்.

---

மருதானை நானா | வியாழன், இரவு 11.02

மகள், நான் ஹாட்வெயார்ல வேல செய்ற ஆள், அதால பிவிசி விஷயம் மட்டும் சொல்றன். வாப்பா சொல்றது வெளங்குது, ஆனா வாணாம். குழாய வளச்சிக் கட்டினா மொத நாள் நல்லா ஈக்கும். ரெண்டு நாள் கட்டோட வெச்சா அது அந்த வளைவுக்கே பழகிரும், திரும்ப நிமிரப் பாக்காது. நிமிரப் பாத்தாத்தானே கயிறு இறுக்கமா நிக்கும்? போட்டி அண்டைக்குப் பாத்தா கயிறு தொய்ஞ்சி போயிரிக்கும்.

கயிறும் வழுக்குற நைலோன் எடுக்காதீங்க, அதுவும் இழுபடும். பழைய சோனகத் தெருவுக்கு வந்தா நல்ல முறுக்குக் கயிறு எடுக்கேலும், கடை கடையா ஈக்குது. 4,800 எல்லாம் செலவாகாது. மிச்சத்துல புள்ளைகள் ஐஸ்கிறீம் சாப்பிடுங்க.

என்ட மகளும் தமிழ்த்தினத்துக்குப் போனா, முஸ்லிம் நிகழ்ச்சி. வலயத்துல ரெண்டாவது. ரெண்டாவது வாற வீட்டுல ரெண்டு நாளைக்கு யாரும் பேசமாட்டாங்க, பொறகு சரியாகிரும். அதயும் சொல்லி வைக்கிறன்.

---

மூன்றாம்பாடவேளை | வெள்ளி, காலை 6.20

தரம் 12இல வில்லும் குடமும் தேடித் திரிஞ்சா உயர்தரத்துக்கு ஆர் படிக்கிறது? பல்கலைக்கழகத்துக்கு எடுக்கிற Z புள்ளிக்கு வில்லுப்பாட்டைச் சேர்ப்பினமோ?

---

கடைசிவாங்கு | வெள்ளி, காலை 6.31

அண்ணா, காலமை ஆறு இருபதுக்கு இதை வாசிச்சுப் பதில் போடுற நீங்கள் எந்தப் பாடம் படிச்சுக்கொண்டு இருந்தனீங்கள்?

நானாவுக்கு நன்றி. அப்பாட்டக் காட்டினன். "நான் அப்பவே நினைச்சனான்" எண்டிட்டுக் குழாயைத் திரும்பக் கட்டிலுக்குக் கீழ தள்ளிட்டார்.

---

ஓய்வுபெற்றவாத்தி | வெள்ளி, முற்பகல் 10.05

பிள்ளை, முப்பத்திரண்டு வருடம் தமிழ் படிப்பித்தவன். அதில் பாதிக் காலம் தமிழ்த்தின மேடைகளுக்குப் பின்னால்தான் போனது. வில்லைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். எனக்குக் குடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் வில்லைத்தான் பார்ப்பார்கள், பாட்டைத் தூக்கிப் பிடிப்பது குடம்.

உமது குடம் "டொக்" என்றால் எங்கோ மயிரிழை வெடிப்பு இருக்கிறது. தண்ணீர் நிறைத்து ஓர் இரவு வைத்துப் பாரும், வெளியே ஈரக்கோடு தெரியும். தெரிந்தால் ஒட்டிப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடும். பொங்கல் காலமென்றால் வெள்ளவத்தையில் காலி வீதி ஓரத்திலேயே பானை குவிந்திருக்கும், ஆனால் அது வாய் அகன்ற பானை, இதற்கு உதவாது. உமக்கு வேண்டியது கழுத்து ஒடுங்கி வயிறு பெருத்த தண்ணீர்க் குடம். கண்டி வீதியால் வருகிறவர்கள் யாரும் இருந்தால் கேகாலைப் பக்கம் மொலகொடையில் வாங்கி வரச் சொல்லலாம், அது குயவர் ஊர். அதுவும் முடியாவிட்டால், சிங்கள நடனம் படிப்பிக்கிற பாடசாலை ஒன்றில் கேட்டுப் பாரும். கலகெடி நடனத்துக்கு அவர்கள் வைத்திருக்கிற குடம் ஏறக்குறைய அதே வடிவம். நான் ஒருமுறை அப்படி வாங்கி ஆடிப்பாடி, மாகாணம் வரை போய் வந்திருக்கிறேன். எடுக்கும்போது விரல் மொழியால் வயிற்றிலும் கழுத்திலும் தட்டிப் பாரும். இரண்டு இடத்திலும் ஓசை எழுந்து கொஞ்சம் நின்று அடங்க வேண்டும்.

குடத்தைத் தரையில் நேரே வைக்காதேயும். வைக்கோல் புரியிலோ, பழைய சேலையைச் சுருட்டிச் செய்த சும்மாட்டிலோ இருத்தினால்தான் ஓசை திறக்கும். வில்லின் நடுப்பகுதியைக் குடத்தின் கழுத்தோடு அசையாமல் கட்ட வேண்டும். கட்டுத் தளர்ந்தால் வீசுகோல் விழுகிற ஒவ்வொரு தடவையும் வில் குடத்தில் மோதிக் கடகடக்கும், சபைக்கு அதுதான் கேட்கும். வாயில் அடிக்கிற பட்டைக்குக் கமுகம் மடலை மடித்துத் தையும். றப்பர்ச் செருப்பை வெட்டி அடிக்கிறவர்களும் உண்டு. ஓசை நன்றாகத்தான் வரும். ஆனால் கலைமகள் காப்புப் பாடிக்கொண்டு செருப்பால் அடிக்க எனக்கு மனம் வந்ததில்லை.

ஊரில் நான் சின்னமணி அவர்களின் வில்லிசையைக் கோயில் வீதியில் மணலில் இருந்து கேட்டு வளர்ந்தவன். நள்ளிரவு தாண்டியும் சனம் எழும்பாது. அவருடைய வில்லை நான் உற்றுப் பார்த்ததாக ஞாபகமே இல்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். கதை சொல்கிறவருடைய கண் சபையில் இருக்க வேண்டும். பாடசாலைப் பிள்ளைகள் பெரும்பாலும் வீசுகோலைப் பார்த்துக்கொண்டு பாடுவார்கள். இதை ஒத்திகையில் கவனியும்.

கடைசியாக ஒன்று. நீர் கேட்டது வில்லைப் பற்றி. எழுதினதில் பாதி அந்தத் தாவணிப் பிள்ளையைப் பற்றி. கமுகு வளைகிறதோ இல்லையோ, அங்கே ஒருமுறை போய் வாரும்.

---

ஆமாப்போடுறவள் | வெள்ளி, பின்னேரம் 4.48

அக்கா, நான் அந்தத் தங்கச்சி இல்லை, ஆனா அவளுக்குப் பக்கத்தில இருந்து ஆமாப் போட்டவள். ஏழடி வில்லு, மூண்டாவது மணி, வலயத்தில ரெண்டாமிடம். வாசிச்ச உடன விளங்கிட்டுது. வகுப்பில எல்லாரும் வாசிச்சாச்சு.

முதல் விசயம். செவ்வாய்க்கிழமை நாங்கள் எல்லாரும் மேல்மாடியில நிண்டனாங்கள். மணிச் சத்தம் கேட்டு எட்டிப் பாத்து "அக்கா, அக்கா" எண்டு கத்தினம். நீங்கள் ரெண்டு பேரும் காவல்கார ஐயாட்ட வில்லைத் தள்ளிட்டு, நாய் துரத்தின மாதிரி ஓடினீங்கள். நாங்கள் உங்களுக்குக் கோபம் எண்டு நினைச்சம். வெண்ட ஆக்களுக்கு என்ன கோபம் எண்டும் விளங்கேல்லை.

ரெண்டாவது. எங்களுக்குக் கவலை இருந்தது, இல்லையெண்டு சொன்னா பொய். வீசுகோல்காரி திரும்பி வரேக்க வான் வண்டிக்குள்ளயே அழுதவள். ஆனா வில்லால தோத்தம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை. எங்கட கதை நீண்டுபோச்சு, நேரம் முடிஞ்ச மணி அடிச்சாப் பிறகும் பாடிக்கொண்டு இருந்தம், அதில புள்ளி வெட்டுப்பட்டது. உங்கடை அளவா முடிஞ்சுது.

மூண்டாவது. பாரி முல்லைக்குத் தேர் குடுத்த கதையை மேடையில பாடிப் பரிசும் எடுத்துப்போட்டு, ஒரு வில்லைக் கேக்க வெக்கப்படுறீங்களே அக்கா. களஞ்சிய அறையில சும்மாதான் கிடக்கு. எங்கட ரீச்சரிட்டச் சொல்லிட்டன். "முதலே கேட்டிருக்கலாமே" எண்டிட்டு, உங்கட ரீச்சருக்குக் கோல் எடுக்கப் போயிட்டா.

நாலாவது, இதுதான் முக்கியம். வில்லுத் திரும்பி வரேக்க ஒரு மணி குறையுது. பதினொண்டு இருந்தது, இப்ப பத்து. அந்த மூண்டாவது மணிதான். 155இல விழுந்திருக்க வேணும்.

---

கடைசிவாங்கு | வெள்ளி, இரவு 8.55

தங்கச்சி, இதை மூண்டுதரம் வாசிச்சிட்டன். நாலாவது விசயத்துக்கு வந்தவுடன ஓடிப்போய் என்ர புத்தகப் பையைக் கொட்டினன். அடியில, கணித உபகரணப் பெட்டிக்குள்ள கவராயத்தோட கிடக்குது. அது பஸ்ஸில விழேல்லை. மேடையில இருந்து வில்லைத் தூக்கேக்க கழண்டது, பிறகு கட்டுவம் எண்டு பெட்டிக்குள்ள போட்டிட்டு மறந்தேபோனன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

நாளைக்கு உங்கட பள்ளிக்கூடத்தில எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்கெண்டு ரீச்சர் சொன்னா. பத்து மணிக்கு வாறம், இந்தமுறை ஆறு பேரும். காவல்கார ஐயாட்டக் குடுக்காமல் மேல வந்து நிக்கிறம்.

---

ஜன்னல்சீட்டு | சனி, பிற்பகல் 1.10

என்ன நடந்தது? சொல்லாமல் விட்டா இந்தக் கிழவன் சாப்பிடமாட்டான்.

---

கடைசிவாங்கு | சனி, இரவு 7.30

அண்ணா, சாப்பிடுங்கோ.

போனம். மணியை வீசுகோல்காரித் தங்கச்சியிட்டக் குடுத்தன். அவ அதை வாங்கி, காதுக்குக் கிட்ட வைச்சு ஆட்டிப் பாத்தா. உள்ளுக்கு இருக்கிற குண்டு ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு நிக்குதாம், அதாலதான் சிலநேரம் அடிக்கிறேல்லையாம். ஊசியால தட்டி எடுத்துவிட்டா, இப்ப ஒவ்வொருதரமும் அடிக்குது. இனி அந்த இடத்தில கூடத் தட்ட வேண்டாமாம்.

பிறகு "ஒருக்காப் பாடிக் காட்டுங்கோ" எண்டு கேட்டினம். அவையின்ர மண்டபத்தில, அவையின்ர வில்லில, அவைக்கு முன்னால. வலயத்தில கூட எனக்குக் கை இப்பிடி நடுங்கேல்லை. வாத்தியார் ஐயா சொன்ன மாதிரி வீசுகோலைப் பாக்காமல் பாடப் பாத்தன், ரெண்டு இடத்தில கயிறைத் தவறவிட்டு என்ர முழங்காலில அடிச்சன். முடிய ஆமாப்போடுற தங்கச்சி எழும்பி, எங்கட ஆமா எல்லாம் அரை நொடி பிந்தி வருது எண்டா. ஆள் கதை சொல்லி முடிக்க முன்னமே மூச்சை எடுத்து வைச்சிருக்க வேணுமாம். எங்கட ஆமாக்காரிக்குக் கொஞ்சம் முகம் சுருங்கினதுதான், ஆனா ரெண்டு பேரும் மூலையில இருந்து ஒரு மணித்தியாலம் "ஆமா, ஆமா" எண்டு பழகிச்சினம். மேசன் வேலைக்கு வந்திருந்த ரெண்டு பேர் சீமெந்து வாளியோட நிண்டு பாத்தவை.

குடத்துக்குத் தண்ணி விட்டுப் பாத்தன், ஈரக்கோடு தெரிஞ்சுது. அம்மாவோட வேலை செய்யிற அன்ரியின்ர மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில கலகெடிக் குடம் ஒண்டு திங்கள் தாறன் எண்டிருக்கினம். 4,800இல இதுவரைக்கும் 155க்குப் போன பஸ் காசு மட்டும்தான் செலவு. ஐஸ்கிறீம் ரெண்டு குழுவுக்கும் சேத்து எண்டு முடிவெடுத்திட்டம், அதுக்குக் காணுமோ தெரியேல்லை.

ரீச்சரிட்டப் பச்சை இல்ல வளைவைப் பற்றியும் சொல்லிப்போட்டன். அவவுக்கு அண்டைக்கே தெரியுமாம். அந்த வளைவுக்கு மூண்டாமிடம் போட்டதே அவதானாம்.

அப்பாவும் சும்மா இருக்கேல்லை. ஜன்னல்சீட்டு அண்ணா எழுதினதைப் பாத்திட்டு நேற்றே தொட்டலங்கப் பக்கம் போய் ஒரு கமுகந்துண்டு கொண்டந்திட்டார், சோடா ஒருத்தரும் குடுக்கேல்லையாம். இந்தமுறைக்கு வேண்டாம் எண்டு சொல்லியும் விடாமல் செதுக்கி, பல்கனிக் கம்பியில வளைச்சுக் கட்டி வைச்சிருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஒரு சாண் இழுக்க வேணுமாம். அம்மா அதில துவாய் காயப்போடுறா.